அப்பாவின் பக்கத்தில் என் முழங்கை

— ஏன்க்கா, நாளைக்கு இங்க கண்காட்சியில ஊரே வந்து பாக்கப் போற வெப்சைட்ட இன்னைக்கு நான் ஒருத்தி பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்?

— ஒண்ணும் குறையாதுடி. அதான் போன்ல நூறு தடவ பாத்துட்டியே. நாளைக்கு சுவத்துல பெருசா காட்டப் போறதும் அதேதான்.

— பாத்ததுலதான் வயிறு எரியுது. அப்பா அந்தக் காலத்துலயே தானா கத்துக்கிட்டு வெப்சைட் செஞ்சாராம். அதுல உன் மார்க்கு, உன் ராங்கு, நீ வாங்கின கோப்பை. என்னோடதுன்னு பாத்தா ஒரே ஒரு முழங்கை.

— என்ன முழங்கை?

— நீ கோப்பையத் தூக்கிட்டு நிக்கற போட்டோவுல, ஓரத்துல ஒண்ணு நீட்டிட்டிருக்கே, அது. ஆறு வயசு எனக்கு. மிச்ச உடம்ப வெட்டிட்டார்.

— பழைய வெப்சைட்டெல்லாம் சேத்து வைக்கற இந்தக் காப்பகத்துல இத்தன வருஷமா வேலை பாக்கறேன். முழங்கைக்காக சண்டைக்கு வந்தவ நீ ஒருத்திதான்.

— சிரி, சிரி. உனக்கென்ன, அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருந்தார். நான் அந்த ரூம் கதவுக்கு வெளிய நின்னேன்.

— உக்கார வச்சு கணக்கு போட வச்சார்டி. நீ பாலக் கொண்டுபோய் கீபோர்டுல கொட்டினே, கதவ சாத்தினார்.

— ஒரு தடவ கொட்டினதுக்கு ஆயுசு முழுக்க சாத்தணுமா? சரி விடு. நாளைக்கு சித்தப்பா, அத்தை எல்லாரும் வந்து, போய்ச் சேர்ந்த மனுஷனுக்குப் பெரியவ மேல என்ன உசுருன்னு உருகுவாங்க. நான் பக்கத்துல நின்னு டீ ஊத்தணும். என்னால ஆகாது. நான் வரலக்கா. அத சொல்லத்தான் வந்தேன்.

— எங்க உன் தங்கச்சின்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— முழங்கை வலின்னு சொல்லு.

— உன்னோட...

— இல்லன்னா ஒண்ணு செய். அந்தப் பழைய மெஷின்ல எனக்கு ஒரு தடவ காட்டு. பழைய பக்கமெல்லாம் புது கம்ப்யூட்டர்ல முழுசா தெரியாதாமே. உங்க ஹால்ல இருக்கற டெக்னீஷியன் சொன்னார்.

— அவருக்கு வாய் நீளம்.

— உண்மையா, பொய்யா?

— உண்மைதான். அந்தக் காலத்து பிரவுசருக்கு மட்டும் புரியற மாதிரி சிலத எழுதியிருப்பாங்க. இப்ப இருக்கற பிரவுசர் அத கண்டுக்காம தாண்டிப் போயிடும்.

— அப்பாவோடத நீ அதுல பாத்தியா?

— நேரம் எங்க இருக்கு.

— பெத்தவருக்கு நேரம் இல்ல. நல்லா இருக்கு. எனக்கு இப்ப நேரம் இருக்கு, லீவு போட்டுட்டு வந்திருக்கேன். திற.

— மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது. அடுத்த வாரம் வாயேன்.

— கண்காட்சி நாளைக்கு, அடுத்த வாரம் எனக்கு எதுக்கு? திறக்கா.

— சரி சரி, கத்தாத. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு.

— இதுவா? இது புதுசா இல்ல இருக்கு.

— வெளியதான் புதுசு. உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிச்சிட்டிருக்கு. அதே திரை, அதே பிரவுசர், அதே ஆமை வேகம்.

— சாம்பல் கலர்ல அழுது வடியுது. யார் வேணா தொடலாமா இத?

— ஹால்ல இருக்கறதத்தான் மத்தவங்க தொடுவாங்க. இந்த ரூம் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் விட்ட இடத்துல இருந்து அப்படியே தொடங்கும். எதையும் அழிக்கக் கூடாதுங்கறதுதான் எங்க வேலையில முதல் பாடம்.

— அடிக்கோடு போட்ட நீல எழுத்தெல்லாம் என்னது?

— அது இணைப்பு. அமுக்கினா வேற பக்கத்துக்குப் போகும். நீலம்னா இன்னும் போகாதது. ஒரு தடவ போயிட்டா ஊதாவாயிடும். இரு, அப்பாவோடத எடுக்கறேன்.

— என்ன, போட்டோ உன் நெத்தியோட நின்னுடுச்சு?

— வரும். அப்ப அப்படித்தான், வரி வரியா எறங்கும்.

— உன் நெத்திக்கே இவ்வளவு பந்தாவா. இதோ, கண்ணு வந்தாச்சு. மூக்கு. எத்தன பல்லக்கா காட்டியிருக்கே. கோப்பை. வந்துட்டேன், நானும் வந்துட்டேன். முழங்கை.

— பாத்துட்டல்ல? மூடறேன்.

— இரு. போன்ல இதோட முடிஞ்சுடும். இங்க கீழ இன்னும் என்னமோ எறங்குதே.

— விளம்பரமா இருக்கும்.

— அப்பா வெப்சைட்டுக்கு யாருக்கா விளம்பரம் குடுத்தா? கைய எடு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சிருக்கார். வா... வாண்டு. அக்கா, வாண்டுன்னு போட்டிருக்கு. என்னை அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

— ம்.

— 'வாண்டு கீபோர்டுக்குப் பால் குடுத்த கதை.' 'வாண்டு பல்லிக்குப் பேர் வச்சது.' 'வாண்டு இன்னைக்குக் கேட்ட கேள்வி.' அடுத்த நாள் கேட்டது. அதுக்கு அடுத்த நாள். கீழ போயிட்டே இருக்குக்கா.

— பாத்துட்டுதான் இருக்கேன்.

— 'கோப்பை போட்டோவில் வாண்டு இருக்கும் பாதி.' வெட்டின பாதிய இங்க போட்டிருக்கார்க்கா. தூக்கிப் போடல.

— அழாத. கீபோர்டு நனையப் போகுது, மறுபடியும்.

— அழலையே. எத முதல்ல திறக்கறதுன்னு தெரியாம... அக்கா.

— சொல்லு.

— நான் இதுல இன்னும் ஒண்ணக்கூட அமுக்கல.

— தெரியும்.

— அப்புறம் ஏன் எல்லாமே ஊதாவா இருக்கு?

— நீயும் உள்ள போய் ஒண்ணு விடாம படிடி. என்னைப் பத்தி அவர் எழுதினது, மேல இருக்கற அந்த மார்க்கு மட்டும்தான். படிச்சு முடிச்சுட்டு நீயே சொல்லு, வயிறு எரிய வேண்டியது யாருக்குன்னு.