ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும்

முரியல்: நில்லுங்க கொழுந்தனாரே. அந்த மண்ணை அள்ளாதீங்க.

ஃபெர்கர்: இப்ப என்ன அண்ணி? படகை விட்டு இறங்கி எவ்வளவு நேரமாச்சு... நீங்க குனிஞ்சு ஒரு பிடி அள்ளி என் கையில வைக்கணும். அதுக்கு முதுகு வலின்னீங்க. சரி, நானே அள்ளித் தர்றேன், வாங்கித் திருப்பிக் குடுங்கன்னா...

முரியல்: அது எங்க மண்ணே இல்லையே.

ஃபெர்கர்: என்னது?

முரியல்: டோரன் தீவு என்ன, ஏரிக்குள்ள தானா முளைச்சதா? உங்க தாத்தா ஏரியடியில மரத்தூணை அடிச்சு இறக்கி, மேல மண்ணைக் கொட்டி, அதுமேல கோட்டையைக் கட்டினாரு. அந்த மண் வடகரை மடத்து வயல்லேருந்து படகு படகா வந்தது. தெரியாத மாதிரி முழிக்கிறீங்க...

ஆடம்: ஒரு நிமிஷம். மடத்து மண்ணா? அப்ப நான் எழுத மாட்டேன் பிரபு.

ஃபெர்கர்: யோவ் ஆடம், ராஜா உன்னை எழுத அனுப்பினாரு. விசாரிக்க இல்லை.

ஆடம்: மடத்து மண்ணை ராஜா கையில குடுத்ததா நான் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டா, என்னைத் திருச்சபையை விட்டே தள்ளிடுவாங்க. செத்தா புதைக்கக்கூட இடம் தரமாட்டாங்க.

முரியல்: பாவம், நல்ல மனுஷன். இந்தாங்க ஐயா, ஓட்ஸ் அப்பம் சாப்பிடுங்க. புகையில வாட்டின மீனும் இருக்கு. கொழுந்தனாரே, உங்களுக்கு?

ஃபெர்கர்: வேண்டாம்.

முரியல்: முன்னெல்லாம் என் கையால ஏழு அப்பம் சாப்பிடுவீங்களே...

ஃபெர்கர்: பசிக்கல. விஷயத்துக்கு வாங்க அண்ணி. மாலிஸ் அண்ணன் தன் நிலத்தையும் கோட்டையையும் ராஜாகிட்ட ஒப்படைக்க ஒத்துக்கிட்டாரு. அவர் சிறையில இருக்கறதால அவர் கைக்குப் பதிலா உங்க கை. ஒரு பிடி மண், ஒரு கல். கைமாறினா முடிஞ்சது. நாளைக்கே அவரை ஸ்டெர்லிங் சிறையிலேருந்து விட்டுடுவாங்க.

முரியல்: நாளைக்கேவா?

ஃபெர்கர்: குதிரைகூடத் தயாரா நிக்குது.

முரியல்: என்ன குதிரை?

ஃபெர்கர்: என்ன குதிரைன்னா... குதிரை. பழுப்பு நிறம்.

முரியல்: அவருக்குப் பழுப்புக் குதிரை ஆகாதே. ஒருதடவை கீழ தள்ளிடுச்சு... சிரிச்சீங்களே நீங்களும்.

ஃபெர்கர்: அண்ணி... பொழுது சாயறதுக்குள்ள முடியணும். வெளிச்சத்துல குடுத்தாத்தான் செல்லும்.

ஆடம்: அது சரிதான்மா.

முரியல்: ஏன் இவ்வளவு அவசரம்? ராஜா மூணு தடவை கூப்பிட்டாரு, இவர் மூணு தடவையும் போகலை. உன் படையை என் கோட்டையில நிறுத்த விடமாட்டேன்னு சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமா இந்தச் சண்டை. இன்னைக்கு ஒரு சாயங்காலம் பொறுக்க முடியலையா?

ஃபெர்கர்: ராஜா மனசு மாறிடும்.

முரியல்: எந்தப் பக்கம்?

ஃபெர்கர்: ...கல்லை எடுங்க. மண்ணை அப்புறம் பாத்துக்கலாம். இந்தச் சுவர்லேருந்தே ஒண்ணு பேர்த்துடுவோம். கல்லும் மடத்துதுன்னு சொல்லிடாதீங்க.

முரியல்: சேச்சே. கல் என் அப்பா வீட்டுது.

ஃபெர்கர்: அண்ணி...

முரியல்: மத்த பொண்ணுங்களுக்குச் சீதனமா பசுமாடு குடுத்தாங்க. எங்கப்பா இந்தச் சுவரைப் புதுசாக் கட்ட நாற்பது படகு கல் குடுத்தாரு. ஊரே சிரிச்சுது. கேளுங்க, உங்க அம்மா இருந்தா சொல்லியிருப்பாங்க... ஐயா, சீதனம் யாருக்குச் சொந்தம்?

ஆடம்: ம்... ம்... மன்னிக்கணும், வாயில மீன். சீதனம் மனைவிக்குத்தான். புருஷன் ராஜத்துரோகியே ஆனாலும் அதைத் தொடக்கூடாது.

ஃபெர்கர்: நீ யார் பக்கம்யா?

ஆடம்: சட்டத்தைச் சொன்னேன் பிரபு. அப்பம் ரொம்ப நல்லா இருக்கும்மா.

ஃபெர்கர்: போதும். கரைக்குப் போவோம். தென்கரையில அந்தப் பார்லி வயல்... அது எங்க தாத்தா வாங்கினது. மடத்துதும் இல்லை, சீதனமும் இல்லை. ஏறுங்க படகுல, ரெண்டு பேரும்.

முரியல்: வர்றேன், வர்றேன். கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அதுக்கு முன்னாடி... அவர் ஒத்துக்கிட்டதுக்கு என்ன அத்தாட்சி?

ஃபெர்கர்: இதோ. அவரோட கையுறை. பாத்துக்கோங்க, நீங்க தைச்சதுதானே?

முரியல்: ...ஆமா. நான் தைச்சதுதான்.

ஃபெர்கர்: தன் கையால கழட்டிக் குடுத்தாரு.

முரியல்: தன் கையாலயா?

ஃபெர்கர்: தன் கையாலதான். முரியல்கிட்ட குடு, புரிஞ்சுக்குவான்னு சொன்னாரு. வாங்க.

முரியல்: உட்காருங்க ஐயா, எழுந்துக்காதீங்க. ஒண்ணு கேட்கணும். நான் படிக்காதவ. புருஷன் சார்பா பொண்டாட்டி மண் குடுக்கலாம்னா... அது எதுவரைக்கும்?

ஆடம்: அவர் உயிரோட இருக்கிறவரைக்கும்மா. உயிர் போன நிமிஷமே நிலம் வாரிசுக்கு. வாரிசு அந்த மண்ணுல நின்னு, சாட்சி முன்னாடி மண்ணையும் கல்லையும் கையில வாங்கிட்டா, அப்புறம் ராஜாவே வந்தாலும்...

ஃபெர்கர்: இந்தப் பாடமெல்லாம் இப்ப எதுக்கு?

முரியல்: பயமா இருக்கு கொழுந்தனாரே. சிறைன்னா சும்மாவா... போன மாசம் ராஜா முத்திரை போட்டு அபயக் கடிதம் அனுப்பினாரு. நீங்க வந்து, உங்க தலைமேல சத்தியம் பண்ணி, நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்னீங்க. நம்பி உங்ககூடப் போனாரு. ராஜா கோட்டை வாசல்லேயே பிடிச்சுட்டாங்க. அதான்... இந்தத் தடவை எழுத்துல இருக்கட்டும்.

ஃபெர்கர்: என்ன இருக்கட்டும்?

முரியல்: என் புருஷன் உயிரோட இருக்காருன்னு. நீங்க சொல்லுங்க, ஐயா எழுதட்டும். உடனே படகு ஏறுறேன்.

ஃபெர்கர்: இது தேவையில்லாத...

ஆடம்: தப்பில்லை பிரபு. எழுதிட்டா பத்திரமும் உறுதியாகும்.

ஃபெர்கர்: ...சரி, எழுது.

ஆடம்: சொல்லுங்க.

ஃபெர்கர்: டோரன் பிரபு மாலிஸ் உயிரோட இருக்காரு.

முரியல்: எப்ப பாத்தீங்க?

ஃபெர்கர்: இன்னைக்குக் காலையில.

முரியல்: நல்லா இருந்தாரா?

ஃபெர்கர்: நல்லா... நல்லாத்தான் இருந்தாரு. கொஞ்சம் இளைச்சிருந்தாரு. உங்களைக் கேட்டாரு.

முரியல்: என்ன கேட்டாரு?

ஃபெர்கர்: என்னன்னா... சுகமான்னு.

முரியல்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஐயாவோட சிலுவையில கையை வைக்கணும். மாத்திச் சொல்றதுன்னா இப்பவே மாத்திடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நீங்க எங்க வீட்டுப் பிள்ளை.

ஃபெர்கர்: மாத்த என்ன இருக்கு? இதோ, கையை வச்சாச்சு. சத்தியம். போதுமா? ஏறுங்க.

ஆடம்: ஈரம் காயட்டும், மடிச்சுடறேன்... அது என்ன சத்தம்?

ஃபெர்கர்: கொம்பு. தென்கரையிலேருந்து வருது. யார் அங்க? வயல் பூரா ஜனமா இருக்கு...

முரியல்: எங்க ஜனம்தான். மடாதிபதியும் இருக்காரு, வெள்ளை அங்கி தெரியுதா? பக்கத்துல சின்னதா பச்சைப் போர்வை... என் பொண்ணு அன்னாஸ். மண்ணும் கல்லும் அவ கைக்கு வந்துட்டா கொம்பு ஊதச் சொல்லியிருந்தேன்.

ஃபெர்கர்: அது செல்லாது. ஆடம், எழுது, செல்லாதுன்னு எழுது. அப்பன் உயிரோட இருக்கும்போது மக எப்படி... எப்படி...

முரியல்: ஏன் நிறுத்திட்டீங்க?

ஆடம்: பிரபு... என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவர் உயிரோடதானே இருக்காரு? இப்பத்தான் எழுதினேன்... மை இன்னும் காயலை.

ஃபெர்கர்: ராஜா இந்தக் கோட்டையை எனக்குத் தர்றேன்னாரு ஆடம். மண்ணு கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னாரு... அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரியும்?

முரியல்: நேத்துக் காலையில. அந்தச் சிறைக்கு ரொட்டி சுடுறவ எங்க ஊர்க்காரி. செவ்வாய்க்கிழமை கழுத்தை நெரிச்சாங்கன்னு நடந்தே வந்து சொல்லிட்டா. கையுறையை நீ பொணத்துலேருந்துதான் கழட்டியிருப்பே ஃபெர்கர், அதைக் குடுத்துட்டுப் போ. மடாதிபதி தென்கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் உன்னை இங்கேயே நிறுத்தணும்னு மத்தியானத்துலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கேன்... படகுல ஏறு. நான் இனிமேதான் அழணும்.