பச்சைப் பாக்கெட்டின் தேதி

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, காவல் ஆய்வாளர் அவர்களே. பலரும் இதைத் தவறாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் இருக்கும் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான். சுவரில் மாட்டும் உள்பெட்டி சூட்டை வாங்கும். வெளிப்பெட்டி அதைக் கொட்டும். நடுவில் இரண்டு செப்புக் குழாய்கள். இது புரிந்துவிட்டால் நேற்று நடந்ததும் புரிந்துவிடும்.

தைனானில் எங்கள் வீடு ஆறாவது மாடியில். அதில் ஓர் அறையை ஆர்க்கிட் செடிகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஜன்னலை அடைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்திலேயே வளர்க்கிறேன். முப்பத்திரண்டு தொட்டிகள். அவற்றில் ஒன்று பதினொரு வருடமாக என் கையில் வளர்வது. அதன் இலையோரத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் அந்தக் கோடு கருகிவிடும், பிறகு திரும்பாது. சனிக்கிழமை கண்காட்சி. ஆயிரத்து இருநூறு வாட் விளக்கு எரிந்தால் ஆயிரத்து இருநூறு வாட் சூடும் அறையிலேயே தங்கும். ஆகவே ஏசி.

வெளிப்பெட்டியைக் கட்டடத்தின் முகப்பில் மாட்டக்கூடாது என்பது குடியிருப்போர் குழுவின் விதி. நான் விதியை மீறுகிறவன் அல்ல. பின்பக்க பால்கனியை வாஷிங் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருந்தது பக்கத்து அறை. அதில் என் மனைவியின் அண்ணன் கோ மிங்-தூ இருந்தார். இரண்டு வாரம் தங்குகிறேன் என்று வந்தவர். மூன்று வருடம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை சுவரில் துளை போட்டேன். துளை அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஒழுங்காக வடியும். வடிகிற தண்ணீருக்கு மச்சானின் கட்டிலருகே ஒரு வாளி வைத்தேன். குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து அரை மணி நேரம் உறிஞ்சி எடுத்தேன். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. கடைசியாக, பச்சைப் பாக்கெட்டில் வருகிற சோளத் தீனி ஒன்றை வெளிப்பெட்டியின் மேல் வைத்தேன். இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்கத் தைவானில் எல்லோரும் வைப்பதுதான். உங்கள் கணினி மீதும் ஒன்று இருக்கிறது. பச்சையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டியிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே மச்சான் வந்தார்.

“என்ன மாப்பிள்ளை, அந்தப் பெட்டி அனலா ஊதுது?”

“அது என் ரூம்ல இருந்த சூடு மச்சான். உங்க ரூம்ல வெச்சிருக்கேன்.”

“எப்போ திருப்பி எடுத்துக்குவே?”

“சனிக்கிழமை.”

“செடிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடு. எனக்கு ஒரு ஐஸ்கட்டி வாங்கிக் கொடு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர்.

மச்சான் அறை ஜன்னல் வழியாக வெளிப்பெட்டியின் சத்தம் வருகிறது என்று கீழ்வீட்டு அம்மாள் குழுவில் புகார் செய்தார். ஜன்னலை நுரைப்பஞ்சால் அடைத்தேன். அதற்குப் பிறகு மச்சான் அடிக்கடி கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். சூடு நடைவழியாகச் சுற்றி மறுபடி செடிகளிடம் வந்தது. ஒரே சூட்டை இரண்டு தடவை வெளியேற்றுவது மின்சார விரயம். நேற்றுக் காலை கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

மதியம் ஒரு மணிக்கு ஏசி நின்றது. வெளிப்பெட்டியைச் சுற்றிச் சூடு மிகுந்தால் குழாயில் அழுத்தம் ஏறும். இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நிற்காதது அப்போது ஏன் நின்றது? கதவருகே போய்க் கேட்டேன்.

“மச்சான், மெஷினைத் தொட்டீங்களா?”

“தொடல. பசிச்சுது. அந்தப் பச்சைப் பாக்கெட்டைப் பிரிச்சுத் தின்னேன்.”

“அதைப் போய் யாராவது தின்பாங்களா மச்சான்?”

“கதவைத் திற மாப்பிள்ளை. மூச்சு முட்டுது.”

“இருங்க, புதுசு வாங்கிட்டு வந்துடறேன்.”

விளக்குகளை அணைத்தேன். ஆர்க்கிட் அறையின் கதவை விரியத் திறந்து வைத்தேன், காற்றோட்டம் வேண்டுமே. மச்சானின் கதவைத் திறந்தால் அந்தச் சூடு நேரே செடிகளுக்கு வரும். ஆகவே திறக்கவில்லை.

முதல் கடையில் பச்சை இல்லை. “மஞ்சள் எடுத்துட்டுப் போயேன்” என்றார் கடைக்காரப் பெண். அடுத்த விநாடி அவரே, “வேண்டாம்பா, மெஷின் கோவிச்சுக்கும்” என்றார். மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. திரும்பி வர ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. கிளம்பும்போது கேட்ட, கதவு தட்டுகிற சத்தம் இப்போது இல்லை. மச்சானுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கதவைத் திறந்து, புதுப் பாக்கெட்டை வைத்தேன். கதவு திறந்தபடியே இருக்க, ஐந்தாவது நிமிடம் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நம்பாதவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் மச்சானைப் பார்த்தேன். தரையில், வாளித் தண்ணீருக்குள் கையை விட்டபடி கிடந்தார். தட்டி எழுப்பினேன். எழவில்லை. உங்களுக்குப் போன் செய்தேன்.

எதையும் மறைக்க விரும்பவில்லை. அவர் தின்றுபோட்ட காலிப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி போன மாதமே முடிந்திருந்தது. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். அவர் சாவுக்கு நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள்: கெட்டுப்போன தீனியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டேன்.