மீன் திரும்ப ஓர் இடம்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருவரும் அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கிளம்பியதுமே அக்கா சொன்னார்:

“சோபாவத் தூக்கி வெளிய போட்டுட்டேன்டா. மீனு திரும்பறதுக்கு எடம் வேணும்ல?”

“இன்னாக்கா சொல்ற? அதான் நாலடித் தொட்டி கீதே!”

“வாங்கும்போது இந்த அரோவானா மீனு விரல் நீளம். இப்ப ரெண்டடிக்கு வந்துட்ச்சு. தொட்டி அகலமோ ஒன்றயடி. வால மடக்கி, கண்ணாடில மூஞ்சிய ஒரசிகினு திரும்புது.”

“தொட்டி அளவுக்குத்தான் மீனு வளரும்னு கடைக்காரரு சொன்னாரே.”

“அவரு சொன்னாரு, மீனு கேக்கலியே! எட்டடி நீளம், மூணடி அகலத்துக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருது.”

“பேசாம ஏரில உட்ரு, அக்கா.”

“ஏரில கீற குஞ்சு மீனெல்லாம் யாரு வூட்டு சொத்து? ஒண்ணு உடாம துன்னுரும். வாஸ்துன்னு வாங்கியாந்தது நீ, வளத்தது நானு. எங்கியும் உடமாட்டேன்.”

“மாமா இன்னா சொன்னாரு?”

“டிவிய எங்க வெக்கறதுன்னாரு. மடில வெச்சிக்கன்னேன்.”

தம்பி மெதுவாகக் கேட்டார்:

“அப்ப நான் வந்தா எங்க உக்கார்றது?”

“தரைல உக்காரு. அது இத்தினி நாளா வால மடக்கிகினு கெடந்துச்சே, நீ ஒருநாளு கால மடக்கிகினு உக்காந்தா இன்னா?”