கல்லில் தப்பாய் ஏறிய பெயர்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சித் தலைவர் கோவிந்தன் அவர்களே, கீழே என்னைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஊனமுற்றோர் நலச் சங்கத்து உறவுகளே! வணக்கம். என்னை மேடைக்குத் தூக்கிவிட வழக்கம்போல இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் சங்கத் துணைத்தலைவி, தையற்கலைச் செல்வி லூர்தம்மாள் மறைந்து இன்றோடு பதினாறு நாள். காமாலை கொண்டுபோய்விட்டது. இதுவரை பேசியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அம்மாள் மேல் பொறாமை! வயிறெரியும் பொறாமை!

ஏன் இருக்காது? சங்கத்தைத் தொடங்கியவன் நான். தலைவன் இந்த மாதையன். ஆனால் காரிமங்கலம் சந்தையில் கூட்டம் விலகி வழிவிட்டது யாருக்கு? பச்சை பெயிண்ட் அடித்து, கைப்பிடியில் கனகாம்பரம் சுற்றிய அவருடைய மூன்று சக்கர வண்டிக்கு! நான் என் சூம்பிய காலை வேட்டிக்குள் மறைத்துக் கட்டை ஊன்றுவேன். அவரோ ‘நொண்டி டெய்லர்’ என்று தானே போர்டு எழுதி மாட்டினார். சண்டைக்குப் போனேன். “ஊரு பின்னால சொல்றத நானே முன்னால எழுதிட்டேங்கண்ணா. இனி அவங்க சொல்றதுக்கு என்ன இருக்குது?” என்றார்.

ஓர் அலுவலகம். எது என்று இங்கே வேண்டாம். ஐந்து படி. சாய்தளம் கேட்டு ஆறு வருஷத்தில் பதினான்கு மனு எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘கருணை கூர்ந்து’. பதினைந்தாவதை லூர்தம்மாளிடம் படித்துக் காட்டினேன்.

“படியக் கட்டுனது அவங்க. கருணை எதுக்குங்கண்ணா?” என்று கேட்டவர், அடுத்த சந்தை நாளில் பஸ் பாஸ் விண்ணப்பத்தோடு போய்ப் படியடியில் வண்டியை நிறுத்தினார். தூக்க வந்தவர்களை விடவில்லை. மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: “சார், என்னால ஏற முடியாதுங்க. நீங்க எறங்கி வாங்க.”

அதிகாரி இறங்கி வந்தார். அடுத்த வாரம் லூர்தம்மாளோடு ஒன்பது பேர் போனோம். அதற்கடுத்து இருபது பேர். அதிகாரிக்கோ முழங்கால் வலி. ஏழாம் வாரம் செங்கல் வந்து இறங்கியது.

சாய்தளத்தில் கல் பதித்தார்கள். சங்கத் தலைவர் பெயர்தானே வரும் என்று கொத்தனார் ‘மாதையன் முயற்சியால்’ என்று செதுக்கிவிட்டார். தப்பு என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தேனா? இல்லை! என் மனைவி நஞ்சம்மாள்கூட, அந்தக் கல்லுக்குப் பொட்டு வைத்து நீங்களே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். லூர்தம்மாள் கல்லைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “எழுத்து நல்லா இருக்குதுங்கண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை மேலே ஏற்றினார். அந்த மனசுக்கும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டேன்.

இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். ‘இது உங்கள் முயற்சி’ என்று அவர் காதில் விழச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக் காலை கொத்தனார் உளியோடு வருகிறார். என் பெயர் போகும். ‘நொண்டி டெய்லர் லூர்தம்மாள்’ என்று வரும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாதா கோவில், மாரியம்மன் கோவில், படி இருக்கும் இடமெல்லாம் இந்தச் சங்கம் போய் நிற்கும். எங்கள் மனுவில் கருணை என்ற சொல் இனி இருக்காது. இது உறுதி!

இப்போது மாலை போட வேண்டும். இந்த மேடைக்கு மூன்று படி. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவர் ஏற முடியாத மேடை. அவர் படத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம்!

பெரியோர்களே, என்னால் ஏற முடியாது. படத்தை எடுத்துக்கொண்டு நீங்க எறங்கி வாங்க.