கடைசி இரண்டு நிமிடம்

– எழுதுக்கா. "இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வீடு அழவைத்த ஒரு காதல் தொடரை மறுபடியும் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் அதன் கழுத்தை நெரித்துவிட்டார்கள்." முற்றுப்புள்ளி.

– போன வாரம் பாட்டுப் போட்டிக்கும் கழுத்தைத்தான் நெரிச்சே. இதுக்கு வேற ஏதாவது உறுப்பு பாரு.

– நான் சொல்றதை அடிச்சாப் போதும். தங்கச்சி விமர்சகர், அக்கா டைப்பிஸ்ட். விமர்சகருக்கு விமர்சனம் வேணாம்.

– அந்த டைப்பிஸ்ட் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும்கூட. மணிக்கட்டைச் சுத்திக்கிட்டே சொல்லு. கட்டுப் பிரிச்சு மூணு நாள் ஆகுது, கை இன்னும் அகப்பைக் காம்பு மாதிரி இருக்கு.

– வலிக்குதுக்கா.

– வலிக்கத்தான் செய்யும். மெதுவா, மெதுவா. எங்க கிளினிக்ல எண்பது வயசுத் தாத்தா உன்னைவிட அழகாச் சுத்துறார். ம், சொல்லு.

– "பழைய ‘ஏழு மணி பஸ்’ஸின் முடிவு யாருக்குத்தான் மறக்கும்? பெட்டியோடு அவள் பஸ் நிலையத்தில் காத்திருப்பாள். கடைசி பஸ்ஸும் வந்து நிற்கும். எல்லோரும் இறங்கிப் போன பிறகு, மெல்ல அவன் இறங்குவான்."

– அம்மா அன்னைக்கு அழுத அழுகை! கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறேன்னு சொல்லி அதை எங்கே வெச்சாங்கன்னு ரெண்டு நாள் தேடினோமே.

– அதையெல்லாம் அடிக்காதே.

– அடிக்கல. அடுத்தது?

– "புதிய ‘ஏழு மணி பஸ்’ஸில் பஸ்ஸே இல்லை. அவன் நேராக அவள் வீட்டு வாசலுக்கு வருகிறான். கதவைத் திறப்பது அவளுடைய தங்கை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்கிறாள். அவன் திரும்பிப் போகிறான். எந்தத் தங்கையும் செய்யத் துணியாத இந்தக் காரியத்தை…"

– எந்தத் தங்கையுமா?

– ஆமா. உலகத்துல எந்தத் தங்கச்சியாவது இப்படிச் செய்வாளா? கொஞ்சம்கூட நம்புற மாதிரி இல்ல. அநியாயம்! எழுது.

– கோவத்துல நீ கையை வேகமாச் சுத்துறே பாரு. தினம் ஒரு சீரியலை மாத்தி எடுத்தா உனக்கு வைத்தியமே வேணாம்.

– நக்கல் பண்ணாதக்கா. ஃபோன் அடிக்குது, ஆசிரியர்தான். ஸ்பீக்கர்ல போடு.

– வணக்கம்மா. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தை மூடிடுவோம். எங்கே விமர்சனம்?

– பாதி ஆயிருச்சு சார். கிழி கிழின்னு கிழிச்சிருக்கேன்.

– கிழிங்க, வேணாங்கல. ஆனா அந்த மாடிப்படிக் காட்சிக்கு மட்டும் நாலு நல்ல வார்த்தை போடுங்க. எங்க வீட்டுல ராத்திரி ஒருத்தரும் சாப்பிடல, அதைப் பத்தியே பேச்சு.

– எந்த மாடிப்படி சார்?

– என்னம்மா இப்படிக் கேக்கறீங்க! கடைசிக் காட்சி. அதுதானே முடிவே?

– ஆங்… ஆமா சார். மாடிப்படி. எழுதிடறேன். வெச்சுடறேன் சார்.

– ஏய். இங்கே பாரு. நீ அதை முழுசாப் பார்க்கவே இல்லையா?

– பார்த்தேன். அந்தத் தங்கச்சி பேசுற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் அணைச்சிட்டேன்.

– முடிவைப் பார்க்காம முடிவுக்கு விமர்சனமா? பதினெட்டு வருஷத்துல நீ இப்படிப் பண்ணி நான் பார்த்ததே இல்லையே. விளம்பரத்தைக்கூட விடாமப் பார்க்கிறவளாச்சே நீ.

– தலைவலிக்கா.

– பொய். தலைவலின்னா நெத்தியைத் தேய்ப்பே. இப்ப நகத்தைக் கடிக்கிறே. என்னடி ஆச்சு?

– ஒண்ணும் இல்ல. நீ பார்த்தியா?

– கிளினிக்ல பார்த்தேன். காத்திருக்கிற ரூம்ல டிவி ஓடுச்சு. இடுப்புவலிக்காரங்க, முட்டிவலிக்காரங்க, எல்லாரும் எழுந்து நின்னு பார்த்தாங்க. நான் சொல்லி ஒரு நாளாவது நின்னிருக்காங்களா!

– அப்போ அந்தத் தங்கச்சி என்ன சொன்னான்னு கேட்டிருப்பே.

– கேட்டேன்.

– சொல்லு.

– "அக்காவுக்குக் கல்யாணம் ஆகி பதினோரு நாள் ஆச்சு."

– அதுதான்க்கா. அந்தப் பதினோரு நாள். ஏன் பத்து இல்ல? ஏன் ஒரு மாசம் இல்ல? அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ரிமோட் எங்கே இருக்குன்னு தெரியல. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிட்டேன்.

– மெதுவா. மூச்சு விடு. கையைக் கீழே வை.

– லேப்டாப்பை மூடுக்கா. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிச்சதும் நீ என்னை அடிச்சாலும் சரி, இந்த வீட்டை விட்டுப் போன்னு சொன்னாலும் சரி.

– மூடிட்டேன். சொல்லு.

– குடைக்காரரை ஞாபகம் இருக்கா?

– எந்தக் குடைக்காரர்?

– வெயில் மழை எதுவானாலும் ஒரு கறுப்புக் குடையோட வருவாரே. நிலம் அளக்கிற வேலைன்னு சொல்வே. மாத்தலாகிப் போறப்ப, ‘ரெண்டு மாசத்துல வர்றேன், வீட்டுல வந்து பேசறேன்’னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனாரே.

– ஞாபகம் இருக்கு.

– அவர் வந்தார்க்கா. சொன்ன மாதிரியே வந்தார். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். அம்மா தூங்கிட்டிருந்தாங்க. நீ மேல மொட்டை மாடியில துணி எடுத்துட்டு இருந்தே. கதவைத் திறந்தது நான். ‘அக்கா இருக்காங்களா’ன்னு கேட்டார். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. ‘அக்காவுக்குக் கல்யாணம் ஆகி பதினோரு நாள் ஆச்சு’ன்னு சொல்லிட்டேன்.

– ம், சொல்லு.

– அந்த நம்பர் எங்கேயிருந்து வாயில வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மடக்கி வெச்சிருந்த குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டார். வெயில்கூட இல்லக்கா அன்னைக்கு.

– ஏன்டி அப்படிச் சொன்னே?

– எனக்குப் பதினேழு வயசுக்கா. பக்கவாதம் வந்து அம்மா படுத்த படுக்கை. அவங்களைப் புரட்டிப் போடவும் உட்கார வைக்கவும் உனக்குத்தான் தெரியும். நீயும் போயிட்டா அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பயம்தான். வேற எதுவும் இல்ல. அவர் தெரு முனை திரும்புறதுக்குள்ளயே ஓடிப்போய்க் கூப்பிடணும்னு தோணுச்சு. ஆனா கதவைச் சாத்திட்டேன்.

– சரி. சரி.

– என்ன சரி? இருபத்திரண்டு வருஷம்! அவர் வரவே இல்லன்னு நீ நினைச்சுட்டு இருக்கே. அப்புறம் மூணு மாசம் நீ பேயடிச்ச மாதிரி திரிஞ்சே. தட்டுல போட்டது போட்டபடி இருக்கும். வந்த வரனையெல்லாம் வேணாம்னே. எல்லாம் என்னாலதான்.

– அது பரீட்சைடி.

– எது?

– அந்த மூணு மாசம். உடம்புல இருக்கிற எலும்பு, தசை அத்தனைக்கும் பேர் மனப்பாடம் பண்ணணும். எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

– விளையாடாதக்கா. இப்ப அவர் எழுதியிருக்கார், தெரியுதா உனக்கு? அந்தப் பதினோரு நாள் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர்தான் வேற பேர்ல சீரியல் எழுதறார். இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்து ஊரைக் கூட்டிக் காட்டிட்டார். நான் பார்ப்பேன்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கார்.

– அவர் எழுதல.

– பின்னே யாரு?

– முதல்ல நீ பார்க்காத ரெண்டு நிமிஷத்தைக் கேளு. அந்தப் பையன் திரும்பிப் போறான். தங்கச்சி கதவைச் சாத்துறா. கேமரா அப்படியே மேல போகுது. மாடிப்படித் திருப்பத்துல அக்கா நிக்கிறா. கை நிறையத் துணி. எல்லாத்தையும் கேட்டுட்டா. ஓடி வந்து கதவைத் திறப்பான்னு எல்லாரும் பார்க்கிறாங்க. அவ இறங்கல. படியில உட்கார்றா. துணியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு… சிரிக்கிறா. சத்தம் வராமச் சிரிக்கிறா. அவ்வளவுதான், முடிஞ்சது.

– அது எப்படிக்கா… அவர்தான் போயிட்டாரே. மாடிப்படியில நடந்தது அவருக்கு எப்படி…

– அவருக்குத் தெரியாது.

– அக்கா.

– ம்.

– நீ மொட்டை மாடியில இல்லையா?

– குடையைப் பார்த்தேன் மேலிருந்து. பாதிப் படி இறங்கி வந்தேன். அதுக்குள்ள நீ பேசிட்டே.

– கடவுளே.

– உட்காரு. விழுந்து இன்னொரு கையையும் ஒடிச்சுக்காதே.

– கேட்டுட்டா நின்னே? கேட்டுட்டு ஏன் இறங்கி வரல?

– அவர் நல்ல மனுஷன்டி. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவர் பக்கத்துல நடந்தா எனக்குப் பேச்சே வராது. கொட்டாவிதான் வரும். ‘வந்து பேசறேன்’னு அவர் சொன்னப்போ முகத்துக்கு நேரா மறுக்க முடியாமத் தலையாட்டிட்டேன். எப்படி வேணாம்னு சொல்றதுன்னு ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல. நீ ஒரே வரியில முடிச்சு அனுப்பிட்டே. மலை இறங்கின மாதிரி இருந்துச்சு. படியில உட்கார்ந்து துணியை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

– நீ… சிரிச்சியா?

– பதினோரு நாளாம்! அந்தக் கணக்குக்கே தனியாச் சிரிச்சேன்.

– இருபத்திரண்டு வருஷமா நான் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கேன்க்கா. நீ சிரிச்சேங்கிற!

– நீ அதைச் சுமக்கிறேன்னு எனக்குத் தெரியாது. சின்னப் பொண்ணு, மறந்திருப்பேன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் முன்னாடி கை ஆபரேஷன் முடிஞ்சு நீ மயக்கத்துல கிடந்தப்ப, ‘அக்கா மன்னிச்சிடு, பதினோரு நாள், மன்னிச்சிடு’ன்னு திரும்பத் திரும்ப உளறினே. நர்ஸ் என்னைப் பார்த்து, ‘என்ன பதினோரு நாள்’னு கேக்கறா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

– அப்பவே சொல்லியிருக்கலாமே.

– வாய் வரைக்கும் வரும், திரும்பப் போயிரும். அப்போ ஒரு பொண்ணு கழுத்துவலின்னு வந்துட்டு இருந்தா. தினமும் நாப்பது நிமிஷம் குப்புறப் படுத்துப் புலம்புவா. சீரியல் எழுதறவளாம். கடைசி எபிசோடுக்கு முடிவு கிடைக்கலையாம், கழுத்து அதுல பிடிச்சதாம். முகம் தெரியாதுல்ல, முதுகுதானே தெரியும். அந்த முதுகுகிட்ட சொல்லிட்டேன். அதைச் சீரியல்ல போடலாமான்னு அவ கேட்டப்ப, போடுன்னேன். எந்தச் சீரியலா இருந்தாலும் நீ பார்த்துத்தானே ஆகணும், அது உன் வேலை. நேர்ல சொல்ல வக்கில்லாம அப்படிச் சொன்னேன். நீ என்னடான்னா ஒயரைப் பிடுங்கிட்டே.

– எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

– ரெண்டையும் பண்ணு. மெதுவா.

– அப்போ நான் உனக்கு எந்தப் பாவமும் பண்ணலையா?

– பண்ணல. ஒரு துளிகூடப் பண்ணல.

– அதை ஒரு பதினாறு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

– ஏன், அப்போ என்ன?

– விடுக்கா, பழைய கதை. உன்கிட்ட சொல்லவே இல்ல. எங்க ஆபீஸ்ல ஒரு போட்டோகிராபர் இருந்தார். வெள்ளச் செய்திக்கு ஒண்ணாப் போனோம். இடுப்பளவு தண்ணியில கேமராவைத் தலையில வெச்சுக்கிட்டு, ‘என்னைக் கட்டிக்கறீங்களா’ன்னு கேட்டார். யோசிச்சுச் சொல்றேன்னேன். சரின்னு சொல்லத்தான் இருந்தேன், அம்மா போய் நாலு மாசம்கூட ஆகலன்னு தள்ளிப் போட்டேன். திடீர்னு ஒரு நாள் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டார். சொல்லிக்கக்கூட இல்ல.

– நீ ஏன் தேடிப் போய்க் கேக்கல?

– எந்த முகத்தோட கேக்கறது? அக்காவுக்கு வந்தவரை நான் வாசலோட அனுப்பினேன், எனக்கு வந்தவர் வாசலுக்கே வரல. சரியான கூலின்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டேன். ஏன்க்கா அப்படிப் பார்க்கிறே? இப்ப நீ ஏன் அழறே?

– அந்த முதுகுகிட்ட நான் பாதிக் கதைதான் சொன்னேன்.

– இதுக்கு மேல என்ன பாதி இருக்கு?

– உன் போட்டோகிராபர் வாசலுக்கு வந்தார்டி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, நீ ஆபீஸ் போனதும் வந்தார். அம்மாவும் போயாச்சு, நீயும் போயிட்டாங்கிற பயத்துல, உனக்கு அவரைப் பிடிக்கல, முகத்துக்கு நேரா சொல்ல நீ தயங்கறேன்னு சொல்லி அனுப்பினது நான்தான்.