எண்பத்து மூன்றாம் பக்கம்

கேட்டு வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். பல்கலைக்கழக நூலகருக்கு இருக்கவேண்டிய குணம் என்பேன் நான்.

கொரோனா ஊரடங்கில் நூலகங்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். பதினோரு பல்கலைக்கழக நூலகர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ கேட்பார்கள். வைத்திருக்கிற நூலகம் ஸ்கேன் எடுத்து அனுப்பும். தேனியில் இருக்கும் எங்கள் நூலகத்தின் பட்டியலைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பழைய ஆய்வேடுகள் மட்டுமே முந்நூற்றுச் சொச்சம்.

பட்டியலில் இருந்தது உண்மை. அலமாரியில்தான் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனன் அழகுமலை காமயகவுண்டன்பட்டியிலிருந்து வேன் கொண்டுவந்து அத்தனையையும் ஏற்றிப் போயிருந்தான். திராட்சைப் பெட்டிக்குள் விரிக்கச் செய்தித்தாளைவிட ஆய்வேட்டுத் தாள் உத்தமம். கெட்டியானது, சீக்கிரம் ஊறாது. இருபது வருடமாக யாரும் தொடாத ஏடுகள் கேரளா வரை போயின என்றால் எனக்குச் சந்தோஷம்தானே. பட்டியலிலிருந்து பெயர்களை மட்டும் அடிக்கவில்லை. மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள், புத்தகத்தைக் கேட்க மாட்டார்கள்.

முதலில் வந்தது கோயில் கல்வெட்டு பற்றிய கோரிக்கை. அலுவலகத்தில் பழைய டைப்ரைட்டர் ஒன்று கிடந்தது. நானே ஆறு பக்கம் அடித்து, டீத்தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, செல்லில் ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். "மிக அரிய தகவல்" என்று ஒரு பேராசிரியர் பதில் போட்டார். அவர் சொன்னது சரிதான், வேறெங்கும் கிடைக்காது. அதையும் சேர்த்துப் பதினேழு பேருக்கு இப்படி அனுப்பினேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலச் சேவைக்காகச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

ரெஹானா பதினெட்டாவது. உத்தமபாளையத்துப் பெண். திராட்சை பறிக்கும் பெண்களின் உடல்நலத்தைப் பற்றி எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் கேட்டது 1987-இல் வந்த ஓர் ஆய்வேட்டின் எண்பத்து மூன்றாம் பக்கம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக்குள் எத்தனை நாள் கழித்து ஆள் இறங்கலாம் என்ற அட்டவணை அதில் இருந்ததாம்.

"அந்த ஒரு பக்கம் இல்லாம என் மூணாவது அத்தியாயம் அப்படியே நிக்குது சார். தோட்டத்துக்காரகளும் கேக்குறாக. கெடைச்சா நோட்டீஸ் அடிச்சே குடுத்துருவேன். நீங்க நல்லாருப்பீக சார்" என்றாள்.

இவ்வளவு தன்மையாகக் கேட்கிற பிள்ளையிடம் எப்படி இல்லை என்பது? எனக்கு விவசாயம் தெரியாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதுதானே ஆராய்ச்சி. அழகுமலைக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாளுன்னு போடுங்க மச்சான். மருந்த அடிச்சிட்டு வாரக்கணக்குல காத்துக் கெடந்தா பழம் கொடியிலயே அழுகிரும். இப்ப லாரி கெடைக்கிறதே பெரும்பாடு" என்றான்.

இரண்டு என்று அடித்தேன்.

ரெஹானா நேர்மையானவள். நோட்டீஸில் ஆய்வேட்டின் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் போட்டிருந்தாள். அழகுமலை அதைத் தன் பம்புசெட் கதவிலேயே ஒட்டிவைத்தான். மருந்தடித்த மூன்றாம் நாள் காலை பதினோரு பெண்கள் அவன் தோட்டத்தில் இறங்கினார்கள். மதியத்துக்குள் வாந்தி, மயக்கம். அந்த நாட்களில் எது வந்தாலும் கொரோனாதான். கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்த் தனி வார்டில் போட்டார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். அக்கம்மாள் என்கிற பெண்ணைப் பாலித்தீனில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளுக்கு முகம்கூடக் காட்டவில்லை. அழகுமலை நல்ல மனிதன், மாலை வாங்கி அனுப்பினான். எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அக்கம்மாளுக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. ஊரார் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு ரெஹானா வீட்டு வாசலில் நின்றார்கள். ரெஹானா எனக்குப் போன் செய்து அழுதாள்.

"என்னையக் கொலகாரிங்கிறாக சார். நானா இட்டுக்கட்டலைன்னு அந்த ஏடுதான் சொல்லணும். அத மட்டும் எடுத்துக் காட்டுங்க சார்."

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது. நூலகத்தின் சார்பில் நானும் அதில் இருந்தேன். நான் அனுப்பிய ஸ்கேனை அவள் செல்லில் காட்டினாள். செல்லுக்கு வந்த படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே, மூலம் எங்கே என்று கேட்டோம். முதலில் கேட்டது நான். அவளால் காட்ட முடியவில்லை. ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தோம்.

இப்போது நீங்கள் வடுகபட்டியில் அந்த ஆய்வேட்டை எழுதியவர் வீட்டிலிருந்தே ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பதினான்கு நாள் என்று இருக்கிறது. எழுத்துதான் கொஞ்சம் மங்கல். என்னுடைய அட்டவணை இதைவிடத் தெளிவாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. அதை அடித்தவன் நான்தான், அனுப்பியவனும் நான்தான். அந்தப் பதினேழையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதிராகப் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "அப்படியொரு பக்கம் எங்கள் நூலகத்தில் இல்லை" என்றுதான் குழு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பொய்க் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான்.