லஞ்சுக்கு அழைக்கப்பட்டவன்

விருந்துக்கு அழைப்பதில் வல்லவரும், இந்த ஆண்டு விழாவின் தலைவருமான மேலாளர் அவர்களே! அச்சு மை அகலாத விரல்களோடு அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே! தாள் மடித்தே தழும்பேறிய கைகளுக்குச் சொந்தமான தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், பந்தி எப்போது தொடங்கும் என்று கடைசி வரிசையில் கடிகாரம் பார்க்கும் தம்பிமார்களே! இந்த அச்சகத்துப் பிழைதிருத்துபவனின் வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். லஞ்ச்.

ஏன் சிரிப்பு அடங்கிவிட்டது? நாலு பேர் கூடி உண்பதைச் சொல்லும் நல்ல சொல்தானே அது? அந்த நல்ல சொல்லைக் கேட்டு நாம் நடுங்குகிறோமே, யார் செய்த வேலை இது?

ஒரு காலத்தில் இங்கே அந்தச் சொல்லே கிடையாது. மணி அடித்தால் "சாப்பிடலாமா?" என்போம். தாள் கிடங்கில் கட்டுகளின் மேல் உட்காருவோம். என் டப்பாவைத் திறப்பதற்குள் பைண்டர் மாமாவின் கை அதற்குள் இருக்கும். "உங்க வீட்ல உப்ப எண்ணியா போடுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே பாதியைத் தின்றுவிடுவார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு எதுவும் மறப்பதில்லை.

புதிய மேலாளர் வந்தார். லஞ்சும் வந்தது. முதல் அழைப்பு மாமாவுக்கு. பெரிய ஓட்டல், மேலாளரோடு தனியாக. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்தார் மாமா. மேஸ்திரி ஆனபிறகு எங்களை மறந்துவிடாதீர்கள் என்று கேலி செய்து வழியனுப்பினோம். ஐயா, உண்மையிலேயே வழியனுப்பிவிட்டோம்!

திரும்பி வந்தவர் பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். லஞ்ச் எப்படி என்று கேட்டவன் நான்தான்.

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. சூப்பு குடிச்சு முடிக்கல, நாளையிலேர்ந்து வரவேணாம்னுட்டாரு. அப்புறம் வந்தத முழுங்கத்தான் முடியல."

அடுத்து மடிப்புப் பிரிவு அக்கா. அதற்கடுத்து மெஷின் ஓட்டும் மொட்டை. லஞ்சுக்குப் போனவர்களில் யாராவது மறுநாள் வேலைக்கு வந்தார்களா? வந்தார்களா? கேன்டீன் பலகையில் புதிதாக எழுதியிருந்த 'லஞ்ச்' என்ற சொல்லை யாரோ வெள்ளையடித்து மறைத்தார்கள். யார் என்று மேலாளர் விசாரித்தார். நான்தான் ஐயா. பிழை திருத்துவது என் தொழில்.

யாரங்கே, "சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்பது? சொல்கிறேன் தம்பி. ஆளை அனுப்புவது நிர்வாகத்தின் உரிமை என்பார்கள். இருக்கட்டும். அலுவலகத்தில் வைத்துச் சொல்லுங்கள். நிற்கவைத்துச் சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்லுங்கள். வாயில் சோறு இருக்கும்போது சொல்லாதீர்கள்! வாயில் சோறு இருப்பவன் திருப்பிப் பேச மாட்டான் என்பதற்காகவா சோறு போடுகிறீர்கள்?

இன்று காலை மேலாளர் என் மேசைக்கு வந்தார். எத்தனை முறை கேட்டும் மாற்றித் தராத என் உடைந்த நாற்காலியைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை நாள் 'யோவ்' என்றவர் கேட்டார்: "நாளைக்கு லஞ்ச் ஃப்ரீயா, சார்?"

மூன்றாவது வரிசையில் என் மனைவி இருக்கிறாள். அவளுக்கு இது இப்போதுதான் தெரியும். தலையைக் குனியாதேம்மா. நாளைக்கும் வழக்கம்போல டப்பா கட்டு. கொஞ்சம் கூடுதலாகவே கட்டு.

மேலாளர் அவர்களே, அழைப்பை ஏற்கிறேன். இடம் மட்டும் என்னுடையது. நாளை மதியம், தாள் கிடங்கு. பைண்டர் மாமாவுக்கும் சொல்லியனுப்பிவிட்டேன். அந்தக் கல்யாணச் சட்டையில் வருவார். எல்லோரும் இருப்போம். எங்கள் நடுவே உட்காருங்கள். என் டப்பாவிலிருந்து முதல் கவளம் நீங்கள் எடுங்கள். மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, அதன் பிறகு சொல்ல வந்ததை எல்லோர் முன்னும் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால், நான் போய்விடுகிறேன்.

பசி நேரத்தில் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தலைவருக்குத் தனி நன்றி. நான் பேசிய நேரமெல்லாம் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வணக்கம்.